ரகுராமுக்கு இங்கிலீஷ் பரீட்ச

டிங்.

ஸ்டூல் மேல நிக்கறேன். ஒரு கையில ஈரத்துணி. இன்னொரு கையில சீலிங் ஃபேனோட றெக்க. எதிர்ல சோஃபாவுல என் பொண்டாட்டி சங்கமித்ரா போன்ல இன்னாவோ டைப் பண்றா. அவ டைப் பண்ணி முடிச்சா. என் சட்டப் பாக்கெட்டுல டிங்.

அவ நிமிரல. மறுபடி டைப் பண்ணா. மறுபடி டிங்!

ஃபேனோட மூணு றெக்கையும் என்னையே பாத்துச்சு.

"ஏங்க, உங்க பாக்கெட்டுல இன்னா கத்துது?"

"பல்லி."

"பாக்கெட்டுலயா?"

"இல்ல, இல்ல. கம்பெனி போனு. மெஷின் ஹீட்டாச்சுன்னா மெசேஜ் வரும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. கம்பெனி லீவு."

"லீவுலதான் ஜாஸ்தி ஹீட்டாவும். பாத்துக்க ஆளில்ல பாரு."

மித்ரா என்ன ஒரு தடவ பாத்தா. போன ஒரு தடவ பாத்தா. இன்னும் ஒண்ணு டைப் பண்ணா.

டிங்.

"ஐயோ பாவம் மெஷினு"ன்னா. "மோர் ஊத்துங்க அதுக்கு. அந்த மூணாவது றெக்கயில ஓரம் விட்டுட்டீங்க."

தப்பிச்சேன்னு நெனச்சேன்! சத்தியமா நெனச்சேன்! ஸ்டூல்லருந்து எறங்கி பாத்ரூமுக்குள்ள ஓடி அந்த ரகசிய போன எடுத்துப் பாத்தா மூணு மெசேஜு. 'ரகுராம், எஸ்ஸே எங்கே?' 'ரகுராம், சீக்கிரம்.' மூணாவது: 'ரகுராம், ஓரத்தையும் விடாம எழுதணும்.'

மொதல்லருந்து சொல்றேன். வேகமா சொல்றேன், அடுப்புல பருப்பு இருக்குது.

நான் அசோகன். சொந்த ஊரு தங்கவயலு. இப்ப ஆஸ்டின் டவுன்ல குளோரியா ஆன்ட்டி வீட்டு மாடியில குடி. பொம்மசந்திரால வால்வு செய்யற கம்பெனியில லைன் த்ரீ, ஏ ஷிஃப்ட். காலையில ஆறுக்குள்ள உள்ள போனா மத்தியானம் ரெண்டுக்கு வெளிய. மித்ரா வீட்லயே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறா. எட்டாவதுலருந்து பியூசி, அதான் ப்ளஸ் டூ, அது வரைக்கும். பயங்கர டீச்சரு! அவகிட்ட படிச்ச பசங்க ட்ராஃபிக் போலீஸ்ல மாட்டினாக்கூட கிராமர் தப்பில்லாம பொய் சொல்வாங்க.

நான் சொன்ன பொய்யிலதான் கிராமர் தப்பு.

பொண்ணு பாக்கப் போனப்ப என் மாமனாரு கேட்டாரு, "மாப்ள, பியூசியில எப்படி?" நான், "ஃபர்ஸ்ட் கிளாஸுங்க"ன்னேன். வாய் தானா சொல்லிச்சு. கையில அவங்க வீட்டு கேசரி இருந்துச்சு, அந்த ஜோரு. உண்ம இன்னான்னா, மத்த பேப்பரெல்லாம் பாஸ். இங்கிலீஷ்ல பத்தொம்போது. நூத்துக்கு! அப்பால ஐ.டி.ஐ. முடிச்சு வேலைக்கு வந்துட்டேன். நாலு வருஷமா வீட்ல இங்கிலீஷ் நியூஸ் ஓடினா தலைய ஆட்டிக்கிட்டே பாக்கறேன். எங்க ஆட்டணும்னு மித்ரா மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுப்பேன்.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. பிப்ரவரியில கம்பெனியில நோட்டீஸ் ஒட்டினாங்க. ஷிஃப்ட் சூப்பர்வைசர் போஸ்ட் காலி. எட்டு வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்த போஸ்ட்! கீழ ஒரே ஒரு வரி புதுசு: 'பியூசி முழுசா பாஸ் பண்ணியிருக்கணும்.' எச்.ஆர். லீனா மேடம்கிட்ட ஓடினேன்.

"மேடம், ஒரே ஒரு பேப்பரு."

"அசோகன், எழுதிப் பாஸ் பண்ணு. சர்டிஃபிகேட் வரைக்கும் போஸ்ட்ட ஹோல்ட் பண்றேன். இல்லன்னா வெளியாள எடுப்பாங்க."

ரிப்பீட்டரா அப்ளிகேஷன் போட்டேன். ரெண்டு பகுதி. ஒண்ணு லிட்ரேச்சர், இன்னொண்ணு எஸ்ஸே. ரெண்டுமே எனக்கு ஜென்ம விரோதி. ஊர்லயே பெஸ்ட் இங்கிலீஷ் டீச்சரு என் எதிர்ல உக்காந்து ரசம் ஊத்துறா, அவகிட்ட கேக்க முடியல! கேட்டா ஃபர்ஸ்ட் கிளாஸ் காத்துல போயிடும்.

லைன் டூ வெங்கடகிருஷ்ணன்தான் ஐடியா குடுத்தான். டீ கப்ப வெச்சுட்டு சொன்னான்:

"மச்சா, உனக்கு அந்த டீச்சர் வேணும். ஆனா அந்த டீச்சருக்கு நீ யாருன்னு தெரியக்கூடாது."

"ஆமா."

"அப்ப வேற ஒருத்தனா போ."

"மீச வெச்சுக்கிட்டா?"

"மீச உனக்கு ஏற்கெனவே இருக்குது குரு. வாட்ஸாப்புல போ!"

அப்படிப் பொறந்தவன்தான் ரகுராம். வயசு பத்தொம்போது. பொம்மசந்திரா. கூச்ச சுபாவம். தொண்டையில ப்ராப்ளம், அதனால போன்ல பேச முடியாது. புது சிம்மு, பழைய போனு, டிபியில ஒரு ரோஜாப்பூ. 'ரெஸ்பெக்டட் மேடம்'னு ஆரம்பிச்சு ஒரு மெசேஜ் விட்டேன். சமையக்கட்டுலருந்து மித்ரா சத்தம் போட்டா, "ஏங்க, புது ஸ்டூடண்ட்! எவ்ளோ மரியாத தெரியுமா!"

ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. டைப் பண்ணக் கூடாது, கையால எழுதி போட்டோ அனுப்பணும்.

கையா? என் கையெழுத்து அவளுக்குத் தெரியுமே! அதனால எடது கையில எழுதினேன். கேன்டீன்ல உக்காந்து ஒரு பாரா எழுத ஒண்ணே கால் மணி நேரம். ஒவ்வொரு எழுத்தும் மழையில நனஞ்ச மண்புழு மாதிரி நெளியுது. மொத எஸ்ஸே, 'எ ரெய்னி டே'. அவ செவப்புல எழுதி அனுப்பினா: 'ரகுராம், குடை தேடறதுக்கே மூணு பாரா. மழை எங்கப்பா?'

ரெண்டு வாரத்துல மார்க் ஏறிச்சு. வீட்ல என் மரியாத எறங்கிச்சு.

"ரகுராம் மூணு தடவ தாங்க்யூ சொல்றான். நீங்க ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"எதுக்கு?"

"சோத்துக்கு!"

"அவனுக்கு நீ சோறு போடலையே, அவன் எதுக்கு..."

"பொறாம படாதீங்க. சின்னப் பையன்."

பொறாமதான்! என் மேலயே எனக்குப் பொறாம! அன்னிக்கு ராத்திரி சோத்துல ரகுராமுக்குன்னு ஒரு அப்பளம் எடுத்து வெச்சிருந்தாக்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

அப்பதான் டாபிக்கு மாற ஆரம்பிச்சுது.

மொதல்ல 'ஹவ் டு க்ளீன் எ காஸ் ஸ்டவ்'. கீழ ஒரு குறிப்பு: 'ப்ராசஸ் எஸ்ஸே. சொந்த அனுபவத்துல எழுதணும். செய்யாம எழுதினா பேப்பர் திருத்தறவங்க கண்டுபுடிச்சுடுவாங்க.' ரகுராமுக்கு ஸ்டவ்வு ஏது? என் வீட்ல இருக்குது. மித்ரா கடைக்குப் போன நேரம் பாத்து பர்னரக் கழட்டி, பல் தேய்க்கற ப்ரஷ்ஷால தேச்சு, ஆணி வெச்சு ஓட்ட குத்தி, பளபளன்னு மாட்டினேன். அவ வந்து பாத்து ஒண்ணுமே கேக்கல. எழுதினேன். பத்துக்கு எட்டு!

அடுத்து ஃப்ரிட்ஜு. அடுத்து சிங்க் அடைப்பு. அப்பால ஃபேனு. அங்கதான் அந்த டிங்.

டிங்குக்கு அப்பறம் எறும்பு கூட்டமா வர்ற மாதிரி டாபிக்கு வந்துச்சு. 'எ விசிட் டு தி மார்க்கெட்', கத்தரிக்கா ஒரு கிலோ, கருவேப்பில மறக்காம. 'டிஃப்ரண்ட் வேஸ் டு ஃபோல்ட் எ பெட்ஷீட்'. 'வாஷிங் கர்ட்டன்ஸ்: அட்வான்டேஜஸ்'. டிஸட்வான்டேஜஸ் எழுத அவ எடமே வெக்கல.

மாடிப்படிய கழுவிக்கிட்டு இருக்கறேன், கீழருந்து குளோரியா ஆன்ட்டி எட்டிப் பாத்தாங்க.

"வாட் மேன் அசோகன், எக்ஸாம் எப்போ?"

"எந்த எக்ஸாம் ஆன்ட்டி?"

"அதான் மேன், உன் பொண்டாட்டி ஸ்டூடண்டு. என்னமோ ராமு."

"ரகுராம். அடுத்த மாசம் ஆன்ட்டி."

"மை ஹஸ்பண்டுக்கும் எதுனா எக்ஸாம் இருக்கான்னு அவள கேட்டு சொல்லு மேன். எங்க வீட்லயும் கர்ட்டன் இருக்குது."

அவங்க இன்னாத்துக்கு அப்படி சிரிச்சாங்கன்னு அன்னிக்கு எனக்குப் புரியல. நல்ல லேடி, சும்மாவே சிரிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

லிட்ரேச்சர் இன்னும் மோசம். பாடத்துல ஒரு வியாபாரி கத. கப்பல் மூழ்கிடுச்சு, காசெல்லாம் போச்சு. பொண்டாட்டிகிட்ட சொல்லாம மறச்சு, தெனம் துறைமுகத்துக்குப் போற மாதிரி போய்ட்டு வர்றான். கேள்வி: 'வியாபாரியப் பத்தி உன் கருத்து இன்னா?' எனக்கு ரத்தம் கொதிச்சுது! எடது கையின்னும் பாக்காம ரெண்டு பக்கம் எழுதினேன். 'இந்த வியாபாரி ஒரு மாமனிதன். அவன் மறைத்தது அன்பினால். அவனுக்கு சிலை வைக்க வேண்டும்.' அத்தனையும் இங்கிலீஷ்ல!

திரும்பி வந்துச்சு. பத்துக்கு ரெண்டு. செவப்புல: 'வியாபாரி ஒரு மக்கு. அவன் பொண்டாட்டிக்கு மொத நாளே தெரியும். பாடத்த ஒழுங்கா படி.'

நாலு தடவ படிச்சேன். பாடத்துல அப்படி ஒரு வரியே இல்ல! வெங்கடகிருஷ்ணன்கிட்ட குடுத்தேன். அவனும் தேடினான்.

"இல்லவே இல்ல மச்சா. புதுப் பதிப்புல சேத்திருப்பாங்களோ?"

"அப்படித்தான் இருக்கும்."

ரெண்டு பேரும் பெரிய அறிவாளிங்க.

பரீட்ச திங்கக்கெழம. சனிக்கெழம மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுல ஓசூர் ரோட்டுல நிக்கறோம். நிக்கறோம்னா பஸ்ஸே நிக்குது. சரி, எழுதினதையெல்லாம் ஒரு தடவ பாப்போம்னு போன எடுத்தேன். வெங்கடகிருஷ்ணன் தோள் மேல தலைய நீட்டினான்.

"மச்சா, கீழ இன்னா கட்டம் போட்டிருக்கற?"

"எந்தக் கட்டம்?"

"இதோ. ப்ரிபேர்ட் பை."

பாத்தேன். போன இன்னும் கிட்ட இழுத்துப் பாத்தேன்.

எங்க கம்பெனியில ஒரு பழக்கம். எந்தப் பேப்பரா இருந்தாலும், ஷிஃப்ட் ரிப்போர்ட்டோ, ரிஜெக்ஷன் லிஸ்ட்டோ, கேன்டீன் சாம்பார்ல உப்பில்லங்கற கம்ப்ளெய்ன்ட்டோ, அடியில மூணு கட்டம் போடணும். எழுதினது யாரு, சரிபாத்தது யாரு, ஒத்துக்கிட்டது யாரு. எட்டு வருஷமா தெனம் போடற கை. பேப்பர் முடிஞ்சா கை தானா கட்டம் போடும், தானா பேர் எழுதும். எடது கைய மாத்தினேனே தவிர பழக்கத்த மாத்தல. மண்ட ரகுராமா யோசிக்குது, கை லைன் த்ரீல வேல செய்யுது!

மொத எஸ்ஸே. மழ. அடியில மண்புழு எழுத்துல அழகா: 'ப்ரிபேர்ட் பை: ஏ. அசோகன், லைன் 3, ஏ ஷிஃப்ட்.' பக்கத்துக் கட்டத்துல செவப்புல: 'செக்ட் பை: சங்கமித்ரா.' தேதியோட.

அடுத்தது பாத்தேன். அதுலயும். ஸ்டவ்வுலயும். ஃப்ரிட்ஜுலயும். இருபத்தாறு எஸ்ஸே, இருபத்தாறு கையெழுத்து! மூணாவது கட்டத்துல எல்லாத்துலயும் ஒரே வார்த்த: 'பெண்டிங்'.

"இத்தன நாள் நீ பாக்கலையா குரு?"

"கட்டம் இல்லாத பேப்பர்தான்டா எனக்கு வித்தியாசமா தெரியும்!"

பஸ்ஸு நகரவேயில்ல. எறங்கி ஓடலாம்னு தோணிச்சு. ஓடி எங்க போறது? வீட்டுக்குத்தான். வீட்லதான ப்ராப்ளம்.

போனேன். மித்ரா டியூஷன் நோட்டு திருத்திக்கிட்டு இருந்தா. முன்னால போய் நின்னேன்.

"மித்ரா. ஒரு உண்ம சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த ரகுராம்..."

"ஐயையோ! இன்னா ஆச்சு அவனுக்கு?"

"அவன் நீ நெனைக்கற மாதிரி ஆளு இல்ல."

"அவனப் பத்தி தப்பா பேசாதீங்க. நாளன்னிக்கு அவனுக்குப் பரீட்ச."

"அதில்ல மித்ரா, அவன் வந்து..."

"ஏங்க! பரீட்ச நேரத்துல பசங்க மனச கலைக்கக் கூடாது. முடியட்டும், அப்பால எதுனா இருந்தா பேசிக்கலாம். அவன் இப்ப நல்லா படிக்கட்டும். நீங்க பாத்திரம் தேய்ங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி..."

"இன்னாது?"

"ஒண்ணும் இல்ல."

தேச்சேன். சோப்பு நொரையில ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் சொல்லிப் பாத்துக்கிட்டே தேச்சேன்.

திங்கக்கெழம காலையில, "இன்னிக்கு ஜெனரல் ஷிஃப்ட்டு"ன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். வாசல்ல நின்னுக்கிட்டு ரெண்டு புதுப் பேனா நீட்டினா.

"கம்பெனியில பேனா குடுப்பாங்களே மித்ரா."

"இருக்கட்டும். ஹால் டிக்... ஐ.டி. கார்டு எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"அப்பறம், ஏங்க. வலது கையிலயே எழுதுங்க."

"எத?"

"ரிப்போர்ட்டத்தான்."

ஹால்ல நொழஞ்சதும் மொத்த கிளாஸும் எழுந்து நின்னு, "குட் மார்னிங் சார்!" உக்காருங்கப்பான்னு சொல்லிட்டு நான் கடைசி பெஞ்சுல உக்காந்தேன். ஒரு பொண்ணுக்கு சிரிப்பு அடங்கவே இல்ல, ஹால்ல காவலுக்கு நின்ன மேடம் வந்து அதட்டினாங்க.

கேள்வித்தாள் வந்துச்சு. லிட்ரேச்சர்ல வியாபாரியே வந்துட்டான்! 'வியாபாரியின் குணத்தை விவரி.' ரெண்டு நிமிஷம் பேனாவ கடிச்சேன். மக்குன்னு எழுதினேன். ஆதாரத்தோட எழுதினேன்.

எஸ்ஸே, மூணுல ஒண்ணு. சோஷியல் மீடியா, க்ளைமேட் சேஞ்ச், அப்பறம் 'டிக்னிட்டி ஆஃப் லேபர்'. ஒழைப்போட பெருமையாம்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எழுதினேன் பாருங்க! ஃபேனு, பர்னரு, சிங்க்கு, பெட்ஷீட்டு, அஞ்சு பக்கம்! அட்ஜெக்டிவ் தானா வந்து உக்காருது. சிங்க் அடைப்புக்கு மட்டும் ஒரு பக்கம், படிக்கறவங்களுக்கு வாசனையே வரும்.

முடிச்சேன். கை தானா கீழ போச்சு, கட்டம் போட. எடது கையால வலது கைய கப்புன்னு புடிச்சேன். அது திமிறுது, நான் அமுக்கறேன், பெஞ்சு ஆடுது.

மேடம் ஓடி வந்தாங்க. "சார், உடம்பு சரியில்லையா?"

"பழக்கம் மேடம். போயிடும்."

ரிசல்ட்டு வந்துச்சு. எழுபத்தொண்ணு!

லீனா மேடம் கை குடுத்தாங்க. சூப்பர்வைசர் ஆர்டர் கையில வந்துச்சு. வெங்கடகிருஷ்ணன் என்னத் தூக்கப் பாத்து முடியாம கீழ வெச்சான். ஜிலேபி வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். இன்னிக்கு எல்லாத்தையும் ஒடச்சுடறது! சூப்பர்வைசர் யாருக்கும் பயப்படக் கூடாது!

"மித்ரா, நான் பியூசி பாஸ்!"

"தெரியுமே. பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னீங்களே, ஃபர்ஸ்ட் கிளாஸ்னு."

"அப்ப சொன்னது பொய். அப்ப நான் பெயிலு. இங்கிலீஷ்ல..."

"பத்தொம்போது."

ஜிலேபி கையிலருந்து நழுவிச்சு. அவ புடிச்சுக்கிட்டா.

"உனக்கு எப்படி..."

"எங்க வீட்ல ஜாதகம் பாக்கறதில்லங்க, மார்க்ஸ் கார்டுதான் பாப்போம். உங்க காலேஜுல கிளார்க்கு எங்க சித்தப்பா. நீங்க கேசரி சாப்பிட வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே உங்க மார்க்கு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்ட?"

"ரெண்டு பேரும் கரெக்டா பேசினா வீட்ல யாரு தப்பு பண்றது, யாரு திருத்தறது? ஒரு ஆளு வேணும்ல?"

உக்காந்துட்டேன். அவளே ஒரு ஜிலேபிய எடுத்து என் வாயில வெச்சா. கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

"சரி, எல்லாம் முடிஞ்சுது. ரகுராம் கணக்கையும் முடிச்சுடறேன். அவன் ஊர விட்டுப் போயிட்டான். இனிமே அவன் எஸ்ஸேயும் எழுத மாட்டான், கர்ட்டனும் தொவைக்க மாட்டான்."

"போவட்டும் பாவம். அட்மிஷன் உங்க பேர்லதான போட்டிருக்கேன்."

"இன்னா அட்மிஷன்?"

"பி.ஏ. கரஸ்பாண்டன்ஸ். மூணு வருஷம். மேனேஜர் போஸ்ட்டுக்கு டிகிரி கேப்பாங்களாம், லீனா சொன்னா."

"லீனாவா? எங்க லீனா மேடத்த உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ பொண்ணு என்கிட்டதாங்க டியூஷன். பிப்ரவரியில ஒரு நாள் லீனாவோட பேசிக்கிட்டு இருந்தப்ப நான்தான் ஒரு பேச்சுக்கு சொன்னேன், சூப்பர்வைசர்னா பியூசியாவது முழுசா பாஸ் பண்ணியிருக்க வேணாமான்னு. மறுநாளே நோட்டீஸ்ல சேத்துட்டா. நல்ல பொண்ணு."

இன்னொரு ஜிலேபிய நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். பேச வாயில எடமில்ல, ஜிலேபி இருந்துச்சு.

பி.ஏ.ல இங்கிலீஷ் மட்டும் இல்லயாம். தமிழும் ஒரு பேப்பராம். அதுக்கும் இப்பவே ப்ராக்டிஸ் ஆரம்பிச்சுட்டா. நேத்து மொத டாபிக்கு குடுத்தா: 'ஒரு முட்டாள் புருஷன்'. சிரிப்பு வரணும். சொந்த அனுபவத்துல எழுதணும். பருப்பு வெந்து எறக்கறதுக்குள்ள முடிக்கணும். கடைசியில படிக்கறவங்கள ஒரு கேள்வி கேட்டு முடிச்சா அஞ்சு மார்க்கு சேத்துப் போடுவாளாம்.

அதான் கேக்கறேன். உங்க வீட்லயும் இப்படித்தானா?